கரையில் நின்று நீட்டும் கை



மேலூருக்கு அண்மையில் உள்ள திருவாதவூர், மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்த திருத்தலம். அவர்பொருட்டு வையையில் வெள்ளம் பெருகியபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆள் துணையற்ற வந்தி என்னும் மூதாட்டிக்காக இறைவனே கூலியாளாய் வந்து, பிட்டு வாங்கி உண்டு, மண் சுமந்தான் என்பது திருவிளையாடல். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் ஆண்டுதோறும் இவ்வைபவம் நடைபெறுகிறது. அதற்குத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் எழுந்தருளுகிறார்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெள்ளத்தை வெல்ல எவரும் ஆற்றின் நடுவே குதிக்கவில்லை. கரையைப் பங்கிட்டுக்கொண்டு, கூடையும் மண்வெட்டியும் ஏந்தி, கூடி நின்று உழைத்தனர். நீரிடத்து உதவுவதற்குரிய முறையும் அதுவே.

மேலூர் வட்டாரம் நீரை நம்பி வாழும் பூமி. 1895-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், வைகை வழியே வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடி, கள்ளந்திரியைக் கடந்து மேலூரின் ஒருபோக வயல்களை நனைக்கிறது. கால்வாயில் தண்ணீர் வரும் நாள் உழவர்க்குத் திருநாள். ஆயினும் வாழவைக்கும் நீரே உயிரையும் கொள்ளும். நிறைந்த கண்மாயின் மடைவாயில் இழுப்பு மிகுதி. கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களில் பாறை செங்குத்தாக இறங்குவதால், கால் ஊன்ற இடமில்லை. ஒருவர் மூழ்க, அவரைக் காக்கக் குதித்த உடன்பிறந்தாரும் மூழ்க, ஒரே வீட்டில் இரண்டு பாடைகள் எழுவது தமிழகம் பலமுறை கண்ட துயரம்.

தன்னுயிரைப் பொருட்படுத்தாது குதிப்பதன்றோ தியாகம் என்று சிலர் கேட்கலாம். மூழ்குகின்றவர் மூச்சுக்காகத் தவிப்பவர். கைக்கு எட்டியதை எல்லாம் கீழே அழுத்தி மேலெழ முயல்வார். காக்க வந்தவர் கழுத்தையும் அவ்வாறே இறுகப் பற்றுவார். அது அவர் குற்றமன்று, உயிரின் இயல்பு. பயிற்சியும் மிதவையும் இன்றி நெருங்கினால், ஓர் உயிரைக் காக்கச் சென்று இரண்டு உயிரை இழக்க நேரும். அருளுக்கு அறிவு துணை நிற்கவேண்டும். அறிவு துணை நில்லாத அருள், காக்கப் போன இடத்திலேயே கரைந்துவிடும்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் ஆழத்தில் சிக்கினர். அங்கிருந்த கிராமத்துப் பெண்கள் மூவர், உடுத்தியிருந்த புடவைகளைக் களைந்து நீரில் வீசினர். அதனைப் பற்றிக்கொண்ட இருவர் கரையேறினர். மற்ற இருவரை மீட்க இயலவில்லை. அம்மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவையில் பாஞ்சாலியின் மானம் காத்தது கண்ணன் அருளிய புடவை. இங்கோ பெண்கள் தம் நாணத்தையும் மறந்து ஈந்த புடவை உயிர் காத்தது. இருவரை இழந்தமைக்காக அத்தாய்மாரை எவரேனும் பழிப்பரோ? இயன்றதைச் செய்தவர்க்குப் பழி இல்லை. நீந்தத் தெரியாமல் கரையில் நின்று கூவி ஆள் திரட்டியவரையும் "ஏன் குதிக்கவில்லை?" என்று ஊர் கேட்டல் தகாது.

ஆகவே நினைவில் இருத்தவேண்டியவை சில. முதலில் உரக்கக் குரல் கொடுத்து ஆள் சேர்க்கவேண்டும். கரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கழியோ, துண்டோ, வேட்டியோ நீட்டவேண்டும். எட்டாவிடில் கிணற்றுக் கயிறு, மூடிய வெற்றுத் தண்ணீர்க் கேன், காற்றடைத்த டியூப் இவற்றை வீசவேண்டும். தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸை 108 என்ற எண்ணிலும் அழைக்கவேண்டும். பாழ்ங்கிணற்றில் நச்சுக்காற்று இருக்கக்கூடும். ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் பின்னே மற்றொருவர் இறங்கலாகாது.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், வயிற்றை அமுக்குவதும் கூடா. மூச்சு நின்றிருப்பின், மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவே அழுத்தி முதலுதவி செய்யவேண்டும். இதனை இளைஞர்கள் முன்னரே முறையாகப் பயிலுதல் நன்று.

ஐக்கிய நாடுகள் அவை 2021-ஆம் ஆண்டு முதல் ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்துள்ளது. அவ்வாண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஊருணிக் கரையில் ஒரு கயிறும் ஒரு மூங்கிலும் எப்போதும் இருக்கச் செய்வது பெருஞ்செலவன்று. வீட்டுக்கு ஓர் ஆள் முன்வந்தால் போதும். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதும் அறமே. வந்திக்காக மண் சுமந்த பெருமான், பிறர் உயிரையும் தம் உயிரையும் ஒருங்கே பேணும் நல்லறிவை அனைவர்க்கும் அருள்வாராக!