வாணலியை உருக்கிய வளர்ச்சி



“நாடு முன்னேற வேண்டுமா? ஒரே கட்சி, ஒரே கட்டளை, பத்து வருஷத்துக்கு எவனும் வாய் திறக்கக் கூடாது. சீனாவைப் பாருங்கள்!” டீக்கடை பெஞ்சிலிருந்து டி.வி. விவாதம் வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். சரி, சீனாவையே பார்ப்போம். ஷாங்காயின் உயர்ந்த கட்டடங்களை மட்டும் காட்டுகிறவர்கள் 1958-க்கும் என்னோடு வரட்டும்.

அந்த வருஷம் சீனத் தலைவர் மாவோ சேதுங் ‘மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்’ தொடங்கினார். உருக்கு உற்பத்தியில் 15 ஆண்டில் பிரிட்டனைத் தாண்ட வேண்டும் என்றார். முந்தைய ஆண்டு 53 லட்சம் டன். 1958-ன் இலக்கு 1 கோடியே 7 லட்சம் டன்! அதற்கு ஆலை ஏது? ஊருக்கு ஊர் மண் உலை கட்டினார்கள். கதிர் அறுக்க வேண்டிய கை உலைக்கு விறகு தள்ளியது. கதிர் வயலிலேயே உதிர்ந்தது. தாய்மார்களே, அந்த உலையில் எதைப் போட்டார்கள் தெரியுமா? வீட்டு வாணலியை, கரண்டியை, கதவுத் தாழ்ப்பாளை! வெளியே வந்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவாத இரும்புக் கட்டி.

இனி எதில் சமைப்பது? ஊர்களை ஒன்றாக்கிய கூட்டுப் பண்ணையான கம்யூனின் சமையற்கூடத்துக்கு வா என்றார்கள். நிலமும் கம்யூனுக்கு, மாடும் கம்யூனுக்கு. முதல் சில மாதம் வயிறு முட்டச் சாப்பாடு. பிறகு, கரண்டி பிடித்தவன் கையில் உயிர். எதிர்த்துப் பேசினால் சோறு நிறுத்தம். ஊரைவிட்டுப் போகலாம் என்றால், 1958 ஜனவரியில்தான் குடிப்பதிவு விதிகளைக் கொண்டுவந்து விவசாயியை மண்ணோடு கட்டிப் போட்டிருந்தார்கள். உழைப்பாளி பெயரில் ஆண்டவர்கள் உழைப்பாளியைப் பண்ணையடிமை ஆக்கினார்கள்!

முடிவு, பெரும் பஞ்சம். அது வெள்ளத்தாலும் வறட்சியாலும் வந்தது என்பார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். 1958-ல் உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி டன் தானியம். அறிவித்த கணக்கு 37.5 கோடி டன். உண்மை சொன்ன அதிகாரிக்கு ‘வலதுசாரி’ முத்திரை. பொய் சொன்னவனுக்குப் பதவி உயர்வு. அந்தப் பொய்க் கணக்கை வைத்துத்தான் அரசு கொள்முதல் செய்தது. இல்லாத தானியத்தைக் கேட்டு அடித்தார்கள். இருந்த விதையையும் வாரிக்கொண்டு போனார்கள். 1959-ல் விளைச்சல் 17 கோடி டன்னாக விழுந்தது. அதே ஆண்டு 40 லட்சம் டன்னுக்குமேல் ஏற்றுமதி ஆனது! ஹெனான் மாகாணத்துச் சின்யாங் வட்டாரத்தில் களஞ்சியத்தில் தானியம் இருந்தது, பத்து லட்சம் பேர் செத்தார்கள். உதவி கேட்டு எழுதிய கடிதங்களைத் தபால் நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள்.

எடுத்துச் சொல்ல ஆள் இல்லையா? இருந்தார். கொரியப் போரில் படை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய். 1959-ல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது மாவோவுக்குத் தனிக் கடிதம் எழுதினார். அவர் பதவியைப் பறித்தார்கள். அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் கிராமத்துக் கணக்குப்பிள்ளை வாய் திறப்பானா? பஞ்சம் மேலும் இரண்டு ஆண்டு நீடித்தது. செத்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பது குறைந்த மதிப்பீடு. நாலரைக் கோடி வரை சொல்பவர்களும் உண்டு. ஒரு நாளிதழ், ஓர் எதிர்க்கட்சி, ஒரு தேர்தல் இருந்திருந்தால் இந்தச் சாவு நடந்திருக்காது. அடித்துச் சொல்கிறேன்.

“அந்த இரும்புக்கரம்தானே இன்றைய வளர்ச்சிக்கு அடித்தளம்?” இல்லை ஐயா! 1978-ல் அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமத்தில் பதினெட்டு விவசாயிகள் இரவில் கூடி, கம்யூன் நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டு கைரேகை வைத்தார்கள். பிடிபட்டு ஜெயிலுக்குப் போகிறவன் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்று அதில் எழுதிக்கொண்டார்கள். மறு அறுவடையிலேயே விளைச்சல் பெருகியது. கட்டளையை மீறியவன்தான் சோறு போட்டான்!

இளைஞர்களே, வளர்ச்சிக்காக வாயைப் பூட்டிக்கொள் என்று ஒருவர் உங்களிடம் வந்தால், சின்யாங்கைச் சொல்லுங்கள். தன்னை வளர்த்த தந்தையை அந்தப் பஞ்சத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் யாங் ஜிஷெங், ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேடி எழுதிய ‘கல்லறைக்கல்’ புத்தகத்துக்குச் சீனாவில் தடை என்பதையும் சொல்லுங்கள்.