வீடா? விற்பனைக்கூடமா?



தியாகராய நகரைப் பற்றிப் பேசுகிறேன். துணி எடுக்கவும் நகை வாங்கவும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டு, தோளோடு தோள் உரசி நடக்கும் நகர். அது கடைத்தெருவாகப் பிறந்ததா? இல்லை! மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, 1920ஆம் ஆண்டுகளில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்திலே, மக்கள் குடியிருக்கவென்றே வகுத்த ஊர். நடுவே பனகல் அரசர் பெயரால் பூங்கா. சுற்றிலும் கிளைவிடும் வீதிகள். வீதிதோறும் அந்நாளைய பெருமக்களின் பெயர்கள் — உஸ்மான், நடேசன், நாயர்! சௌந்தரபாண்டியனாரின் பெயர் மட்டும் மக்கள் நாவிலே பாண்டி பஜாராகச் சுருங்கிவிட்டது. ஏரியின் மடியில் எழுந்த ஊர் என்பதை நாம் மறக்கலாம்; மழை மறப்பதில்லை. 2021 நவம்பரில் வந்து நினைவூட்டிச் சென்றது.

அந்த ஊர் அங்காடியான கதை, கூடிப் பேசி முடிவெடுத்த கதையன்று. முன்னறை கடையாயிற்று. பிறகு வீடே கடையாயிற்று. பிறகு வீட்டை இடித்து, அடுக்கின்மேல் அடுக்காக மாளிகை நிமிர்ந்தது. திட்டம் இல்லையா என்கிறீர்களா? இருந்தது! 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம், 1975இல் முதல் முழுமைத் திட்டம், 2008இல் இரண்டாவது. எங்கே குடியிருப்பு, எங்கே வணிகம் என்று வண்ணம் தீட்டிய படமும் உண்டு. கட்டடங்கள்தாம் படத்தைப் பார்க்காமலே வளர்ந்தன!

வளர்ந்தபின் நடந்ததென்ன? 1998இல் அச்சட்டத்தில் 113-அ என்றொரு பிரிவு நுழைந்தது. கட்டணம் செலுத்து, கட்டியது முறையாகிவிடும்! ஒரேயொரு முறைதான் என்றனர். அடுத்த நான்காண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் கெடு நீண்டது. 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் முதற் சலுகையை ஒருமுறைக்கென ஏற்று, பின்வந்த நீட்டிப்புகளை வீழ்த்தியது. உடனே 2007இல் அவசரச் சட்டம்! பின்னர் இன்னொரு பிரிவு, அவ்வாண்டு ஜூலை முதல் நாளுக்கு முன் எழுந்த கட்டடங்களுக்காக. எந்தக் கொடி பறந்தபோது என்று கேட்காதீர். ஒரு கொடியின் நிழலில் மட்டும் நடந்ததன்று. திரை விழுந்தபின் ஒத்திகை பார்க்கும் நாடகத்தை நான் எழுதியதில்லை. நகரமைப்பிலே அது நடக்கிறது!

விலை தந்தவர் யார்? 2008 செப்டம்பரில் அங்காடி ஒன்றில் தீ. தொழிலாளர் இருவர் மாண்டனர். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலைத் துணிக்கடையில் பற்றிய நெருப்பு மறுநாளும் எரிந்தது.

வணிகத்துக்கு நாம் பகைவரல்லர். மருந்துக்கடையும் மளிகைக்கடையும் வீட்டருகே இருப்பது நலமே. தென்மாவட்டத்து இளைஞரும் நங்கையரும் அந்த மாளிகைகளிலே பிழைப்புப் பெற்றனர். (அவர்கள் உட்கார ஓர் இருக்கை வேண்டுமென்று சட்டம் திருத்த 2021 வரை ஆயிற்று என்பது வேறு கதை!)

ஆனால் எண்ணிப் பாருங்கள். குடியிருப்பு மனை வணிக மனையானதும் மண் மாறுவதில்லை, உழைப்பொன்றும் கூடுவதில்லை, விலை மட்டும் ஏறுகிறது! சாலை போட்டதும் பேருந்து விட்டதும் பொதுப்பணம். ஏறிய விலையோ தனிப்பெட்டிக்குள். வளர்ச்சிக் கட்டணம் என்று சிறிது அரசுக்கு வரும்; ஆனால் வாடகைக்கு இருந்த எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் வருவது, "காலி செய்" என்ற இரண்டு சொல்!

நில உபயோக மாற்றம் கோரி மனு வந்தால், நாளேட்டின் மூலையிலே, எறும்பெழுத்திலே, சர்வே எண்ணுடன் அறிவிப்பு வரும். ஆட்சேபிக்கச் சில நாட்களே தவணை. படிப்பகத்தில் நாள்தோறும் ஏடு புரட்டும் தோழனே, அந்த மூலையையும் படி! அந்த எண் எந்தத் தெரு, அங்கே குடும்பங்கள் எத்தனை, தீயணைப்பு வண்டி நுழைய வழியுண்டா, மழைநீர் எங்கே வடிகிறது என்று நேரில் சென்று பார். கண்டதை எழுது. எழுதத் தெரியாதார்க்கு நீயே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கு. தவணை முடியுமுன் அது அலுவலகம் போய்ச் சேரட்டும்.