தீர்ப்பும் ஒரு சட்டம்தான்

(எலுவன்குளத்தில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேங்காய் உரித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுவோம்.

"நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்று வாய்ச்சொல்லால் நிறுத்தப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "சட்டம் பெரிய இடத்துக்குத்தானே, நமக்கு எங்கே?" என்று அவர்கள் கேட்கிறார்கள். சட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்லலாம்.

ஒரு வகைச் சட்டத்தைப் பாராளுமன்றம் எழுதுகிறது. இன்னொரு வகை நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்கிறது. மேல்நிலை நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன காரணத்தை, அதே மாதிரி வழக்கு வரும்போது கீழ்நிலை நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டும். இதை முன்தீர்ப்பு என்கிறோம். இந்த முறை இங்கிலாந்தில் வளர்ந்தது. நம் நாட்டில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டமும், தேசவழமை போன்ற வழமைச் சட்டங்களும் இருக்கின்றன. ஆனாலும் வழக்கு நடத்தும் விதத்தையும் முன்தீர்ப்பு முறையையும் ஆங்கிலேயரிடமிருந்தே பெற்றோம்.

இது தோட்டத் தொழிலாளருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு 1937ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறோம். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், மடுல்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் துரை வேலை பழகினார். தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்து அவர்கள் பக்கம் நின்றார். வேலை போனது. பிறகு சமசமாஜக் கட்சி மேடைகளில் ஏறித் தோட்டத் துரைமாரைக் கண்டித்தார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அவர் போகவில்லை. கைதானார்.

உடனே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. "இந்த ஆளை எங்கள் முன் கொண்டுவா, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று காட்டு" என்பதே அதன் பொருள். தேசாதிபதி தரப்பு 1896ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்றைக் காட்டியது. அது அவசர காலத்துக்கு உரியது, மேடையில் பேசியவரைப் பிடிக்க அல்ல என்று பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்ற கொள்கையை, 1215ஆம் ஆண்டின் மெக்னா கார்ட்டாவைச் சுட்டி அவர் நிலைநாட்டினார். பிரேஸ்கேர்டில் விடுதலையானார். தேசாதிபதியும் சட்டத்துக்கு மேலானவர் அல்ல என்பது அன்று உறுதியானது. அந்தத் தீர்ப்பு சட்ட அறிக்கையில் அச்சாகி இன்றும் இருக்கிறது.

ஆனால் நீதிமன்றம் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றவரானபோது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1953இல் அங்கும் தோற்றது. பாராளுமன்றம் எழுதிய சட்டத்தைப் பாராளுமன்றமே மாற்றவேண்டி வந்தது. மீதியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை தந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் சங்கங்களும் மக்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். ஆகவே வழக்கும் வேண்டும், அமைப்பும் வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். வேலைநீக்கம் செய்யப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கத்தவருக்காகச் சங்கமே மனுப்போடலாம், சங்கப் பிரதிநிதியே பேசலாம். சட்டத்தின் சொல்லை மட்டும் பார்க்காமல், நீதியும் நியாயமுமான உத்தரவைக் கொடுக்க அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காலக்கெடு இருக்கிறது. "துரை திரும்பக் கூப்பிடுவார்" என்று மாதக்கணக்கில் காத்திருந்து உரிமையை இழக்காதீர்கள். நிறுத்திய அன்றே சங்கத்திடம் வாருங்கள்.

பொலிஸார் பிடித்தால் காரணம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லவேண்டும், நீதவான் முன் கொண்டுபோகவேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது.

சம்பளச் சீட்டு, வேலைநாள் கணக்கு, தோட்டம் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் பிள்ளைகளின் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சாட்சி சொல்ல அழைத்தால் பயப்படாமல் வாருங்கள். பிரேஸ்கேர்டிலுக்காக வழக்கறிஞர் பேசினார். நமக்காக நம் கையிலுள்ள காகிதமும் பக்கத்து லயத்துச் சாட்சியும்தான் முதலில் பேசவேண்டும்.