தொழில் வளர்த்த கழகமும் நம் குடியிருப்பும்

(டோம்பிவலியில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடை என்றால் கம்பனையோ வள்ளுவரையோ பற்றிப் பேசுவதுதான் நம் சங்கத்தின் வழக்கம். நான் புலவன் அல்லேன். லேத்துப் பட்டறையில் ஆயுளைக் கழித்தவன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றே. நாம் குடியிருக்கும் இந்த மண்ணைத் தொழில் மண்ணாக்கிய அரசுக் கழகத்தின் கதை அது.

நம் பிள்ளைகள் "எம்.ஐ.டி.சி." என்கிறார்களே, அது ஓர் ஊரின் பெயர் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். பேருந்து நடத்துநரும் ஆட்டோக்காரரும் அப்படித்தான் கூவுகிறார்கள். அது மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கப் பெயர். 1960ஆம் ஆண்டு மே முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு குறை இருந்தது: தலை மட்டும் பெருத்து, உடல் மெலிந்திருந்தது. ஆலை, துறைமுகம், வங்கி, மின்சாரம் யாவும் பம்பாயில் குவிந்திருந்தன. விதர்ப்பத்திலும் மராத்வாடாவிலும் பருத்தி விளைந்தும் வேலை விளையவில்லை. போர்க்கர் குழு என்ற ஒரு குழுவின் யோசனையின்படி அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒரு வாரியம் அமைந்தது. 1961இல் சட்டம் நிறைவேறியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், தாணாவின் வாக்ளே எஸ்டேட்டில், எளிய விழா ஒன்றில் கழகம் தொடங்கப்பெற்றது.

அரசாங்கம் தொழில் வளர்க்கிறது என்றால் என்ன பொருள்? அரசே ஆலை வைத்து எல்லாருக்கும் வேலை கொடுக்கும் என்பதன்று. இதைப் பலர் உணர்வதில்லை. "ஐயா, என் மகனுக்கு எம்.ஐ.டி.சி.யில் ஒரு வேலை வாங்கித் தர முடியுமா?" என்று என்னைக் கேட்ட தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கழகத்தின் அலுவலகத்தில் இருக்கும் நாற்காலிகள் சில. அதன் வேலிக்குள் இருக்கும் பட்டறைகளில்தான் வேலை இருக்கிறது.

ஒருவனிடம் இரண்டு லேத்துகளும் கொஞ்சம் கடனும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு கொட்டகை போட வேண்டும். நிலம் தேடிப் போனால் ஒரு வயலுக்குப் பத்துப் பங்காளிகள். வாங்கினாலும் விளைநிலத்தைத் தொழில் நிலமாக்க அனுமதி வேண்டும். சாலை இராது. மின்கம்பி இராது. தண்ணீருக்குக் கிணறு வெட்ட வேண்டும். கழிவு நீரை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. இத்தனைக்கும் அலைந்து முடிப்பதற்குள் கடன் தீர்ந்துவிடும், லேத்து துருப்பிடித்துவிடும். கழகம் செய்தது இந்த அலைச்சலை மொத்தமாகத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டதுதான். நிலத்தைச் சட்டப்படி எடுத்தது, மனை பிரித்தது, சாலை, குழாய், வடிகால், தெருவிளக்கு அமைத்தது, 95 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. விற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குறித்த காலத்துக்குள் கட்டடம் எழுப்பாவிட்டால் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்; கைமாற்ற வேண்டுமானால் கழகத்தின் இசைவு வேண்டும். நிலத்தை வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்போரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. முழுவதும் தடுத்ததா என்று கேட்டால் நான் சிரிப்பேன்.

எல்லாவற்றினும் பெரியது தண்ணீர். நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1971இல் இங்கு வந்து சேர்ந்தேன். மறு ஆண்டு, பத்லாபூருக்கு அப்பால் பார்வி ஆற்றில் கழகத்தின் அணை எழுந்தது. தொழிற்பேட்டை அமைக்கும் ஒரு நிறுவனம் தனக்கென்று அணையே கட்டிக்கொள்வது என்பது எனக்கு அன்று பெரும் வியப்பாக இருந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு ஆறு என்றால் நெல்தான். இங்கே ஆறு இயந்திரத்துக்கு ஓடியது. பின்னர் அந்தத் தண்ணீர் ஆலைகளோடு நிற்கவில்லை. சுற்றியுள்ள நகரங்களின் வீட்டுக் குழாய்களிலும் அது வருகிறது. நம் வீட்டில் சாம்பார் கொதிப்பதும் பார்வித் தண்ணீரில்தான்.

கழகத்தோடு கைகோத்து நின்றது அரசின் சலுகைத் திட்டம். 1964இல் தொடங்கிய அது பன்முறை திருத்தப்பெற்று இன்றும் நடைபெறுகிறது. அதன் கருத்து எளிது. மாநிலத்தை வளர்ச்சிக்கு ஏற்ப வகுப்புகளாகப் பிரித்தார்கள். பம்பாய், புணே போன்ற வளர்ந்த பகுதிகளுக்குச் சலுகை இல்லை, அல்லது மிகக் குறைவு. பின்தங்கிய வட்டத்துக்குப் போகப் போக வரிச் சலுகை மிகும். கட்சிரோலி போன்ற, தொழிலே இல்லாத மாவட்டங்களுக்கு மிகுதியான சலுகை. சலுகை மட்டும் ஆலையைக் கொண்டுவருமா? கொண்டுவரும், நிறுத்திவைக்காது. சலுகைக் காலம் முடிந்ததும் கதவைச் சாத்திய கொட்டகைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஔரங்காபாத்தை (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) அடுத்த வாளூஜைப் பாருங்கள். வறண்ட மராத்வாடாவில், ஜாயக்வாடி அணையின் நீரை நம்பிக் கழகம் பேட்டை அமைத்தது. 1985இல் பஜாஜ் ஆட்டோ அங்கே ஆலை திறந்தது. ஒரு ஸ்கூட்டருக்கு எத்தனை உறுப்பு வேண்டும்! ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சிறு பட்டறை சுற்றிலும் முளைத்தது. பெரிய ஆலை வேர் பிடித்தது, சின்னப் பட்டறைகள் அதைப் பற்றிக்கொண்டதனால்தான் என்பது என் எண்ணம்.

நம் டோம்பிவலியிலும் அதுதான் நடந்தது. இரசாயன ஆலை ஒன்றில் வேலையாட்கள் அதிகம் இல்லை. ஆனால் அதற்கு வால்வு வேண்டும், பைப்பு வேண்டும், பீப்பாய் வேண்டும், லாரி வேண்டும். வால்வு கடைந்துதான் நான் பிழைத்தேன். 1984இல் ஒரு காலாவை வாடகைக்கு எடுத்து நானே சிறு பட்டறை வைத்தேன். என்னோடு நால்வர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு நண்பகல் சாப்பாடு கொண்டுவந்தது நம் குடியிருப்பிலே ஓர் அம்மையார் நடத்திய மெஸ். அந்த மெஸ்ஸின் வருமானத்திலே அவருடைய பெண்கள் இருவர் பட்டம் பெற்றார்கள். எந்த அரசுக் கணக்கிலும் அந்த இரண்டு பட்டங்கள் எழுதப்பட்டிருக்கமாட்டா.

இனி, சொல்லக் கூசும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். என் பட்டறைக்கு எதிரே தேநீர்க் கடையில் ஆக்ரி வகுப்பைச் சேர்ந்த ஒரு முதியவர் நாள்தோறும் வந்து அமர்வார். ஒரு நாள் என் கொட்டகையைச் சுட்டி, "உன் லேத்து நிற்கிற இடத்தில்தான் எங்கள் நாற்றங்கால் இருந்தது" என்றார். சினத்தோடு அல்ல, வெற்றிலை போடுவதைப் போல இயல்பாகச் சொன்னார். அவருடைய நிலம் எடுக்கப்பட்டது, பணம் வந்தது, பணம் போயிற்று. பிற்காலத்தில், நிலம் கொடுத்தோருக்கு வளர்த்த மனையில் ஒரு பங்கு தரும் ஏற்பாடு வந்தது. அவர் காலத்தில் அது இல்லை. பார்வி அணையின் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டியபோது வீடிழந்த கிராமத்தாரும், "எங்கள் பிள்ளைகளுக்கு வேலை" என்று பல்லாண்டு போராடித்தான் பெற்றார்கள். நமக்கு வந்த தண்ணீர் அவர்கள் வீட்டுத் திண்ணையின் மேல் நிற்கிறது.

ஆகவேதான், 80 விழுக்காடு வேலை உள்ளூராருக்கு என்று அரசு விதி செய்திருப்பதைக் கேட்டு நம்மவர் முகம் சுளிக்கும்போது நான் சேர்ந்து சுளிப்பதில்லை. 2008ஆம் ஆண்டு ஆணையின்படி, மேற்பார்வைப் பணிகளிலும் பாதி உள்ளூராருக்கு உரியது. சலுகை பெறும் ஆலைகளுக்கு இது நிபந்தனை. மாநில மக்களின் வரிப்பணத்திலிருந்து சலுகை கொடுப்பவர், "எம் மக்களுக்கு வேலை கொடு" என்று கேட்பது முறைதானே? ஆனால் உள்ளூரார் யார்? 15 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்றிதழ் பெற்றவர் உள்ளூரார். இங்கே பிறந்து, இங்கே மராத்தி படித்த நம் பிள்ளைகளும் உள்ளூராரே. அந்தச் சான்றிதழை வாங்கி வைக்காமல், நேர்காணலுக்கு முதல் நாள் ஓடுகிறார்களே, அதுதான் என் வருத்தம்.

இறுதியாக, இன்று நம் குடியிருப்பைப் பிளந்து நிற்கும் வினாவுக்கு வருகிறேன். ஆலைகள் வந்தபோது சுற்றிலும் வயல். பின்னர் வீடுகள் வந்து வேலியை ஒட்டி நின்றன. 2014இல் இங்கே பச்சை நிறத்தில் மழை பெய்தது. 2020இல் ஒரு சாலையே இளஞ்சிவப்பாயிற்று. 2016 மே மாதம் ஓர் ஆலை வெடித்துப் பன்னிருவர் மாண்டனர். 2024 மே மாதம் மற்றோர் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். அன்று என் வீட்டுச் சன்னல் கண்ணாடி சிதறி, பேத்தியின் பாடப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அவள் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அபாயகரமான ஆலைகளைப் பாதாள்கங்கைக்கு மாற்றுவது என்று 2022இலேயே அரசு அறிவித்திருந்தது.

ஆலைகள் உடனே போக வேண்டும் என்று நம் சங்கம் மனு எழுதியிருக்கிறது. வாயிலில் மேசைமேல் இருக்கிறது. நான் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கியவன். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆலை மாறும்போது அதிலுள்ள நிரந்தரத் தொழிலாளி உடன் போவான். ஒப்பந்தத் தொழிலாளி போகமாட்டான். அதை நம்பிய வால்வுப் பட்டறையும் பீப்பாய்க் கடையும் மெஸ்ஸும் போகமாட்டா. காலியாகும் மனைகள் அடுக்குமாடி வீடாகுமா, புகையில்லாத பட்டறையாகுமா என்பதை முடிவு செய்வது கழகம். அந்த மனைகளைப் பொறியியல், மின்னணுச் சிறுதொழில்களுக்கே ஒதுக்க வேண்டும், வேலையிழப்போருக்கு அங்கே முதலிடம் தர வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்குமாறு நேற்று செயலாளரிடம் கேட்டேன். அவர் சேர்த்துவிட்டார். மனுவின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நான் கையெழுத்திட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். படித்துப் பார்த்து உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்.