சோர்ந்த லாரி

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் அண்டை வீட்டார் பழைய டீசல் லாரியில் செங்கல் ஏற்றிப் பிழைப்பவர். பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டிய மறுநாளே, தாம்பரம் மேம்பாலம் ஏற மாட்டாமல் லாரி திணறிற்று. "ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே பிரிக்க வேண்டும்" என்றனர் பட்டறையினர். அவர் மனைவியின் வளையல்களை அடகு வைக்கப் புறப்பட்டார்.

முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். "கடைசியாக எதைக் கழற்றினார்கள்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. கணக்குத் தவறினால், கடைசியாகத் திருத்திய வரியைத்தானே நாங்களும் வகுப்பில் முதலில் பார்ப்போம்!

1897-இல் ஜெர்மனியில் ருடால்ப் டீசல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. இக்கால லாரிகளில் காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நெருக்குகிறார்கள். அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் தூவிய டீசல் தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே தூவ வேண்டும். தாமதித்தால், பிஸ்டனை உந்த வேண்டிய சூடு புகைக்குழாய் வழியே வீணாகும்.

புகை வெண்மையாக இருந்தது. கறுத்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலமென்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, அப்போது ரிங்கை ஐயுறலாம். வடிகட்டியில் அடைப்பில்லை, குழாயில் காற்றுமில்லை. பின்னரே பம்பின் குறியைப் பார்த்தார். பல்சக்கரம் ஒரு பல் பின்தங்கி மாட்டப்பட்டிருந்தது.

அரைநாள் வேலை. மாலையில் அதே பாரத்துடன் லாரி மேம்பாலம் ஏறிற்று. வளையல்கள் வீட்டிலேயே இருந்தன.