உலகம் ஏற்கிறது; உள்ளூர் நகைக்கிறது!

(கண்டியில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் நாட்டுக் காணிப் பத்திரங்களைப் படித்தோருக்கு "அஸ்வெத்துமைஸ்" என்னும் சொல் புதிதன்று. வெறும் நிலத்தைத் திருத்தி, வரம்பு கட்டி, நெல்வயலாக்குவதை அது குறிக்கும். சிங்கள உழவனின் சொல்லோடு ஆங்கில விகுதியை ஒட்டி இம்மண்ணிலே ஆக்கிய சொல் அது. இலண்டன் வீதியில் அதைச் சொன்னால் எவருக்கும் விளங்காது. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி அதனை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் ஆங்கிலேயரின் முதுசம் மட்டும்தானா?

1979ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்றையும் கூறுவோம். லாரி ஸ்மித் என்பாரும் அவர்தம் துணைவரும், இலங்கை, இந்தியா, யப்பான், அமெரிக்கா முதலிய ஒன்பது நாட்டவர் பேசிய ஆங்கிலத்தைப் பதினொரு நாட்டாருக்கு ஒலிக்கச் செய்து சோதித்தனர். அமெரிக்கர் பேச்சே எல்லோருக்கும் எளிதில் விளங்கும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். ஆசிய நாட்டவர் பலரின் பேச்சு அதனினும் நன்கு விளங்கிற்று.

ஆகவே உலகத்தோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு வீட்டுக்குள்ளே இருக்கிறது.

அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிராமத்து மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் "கடுவ". சிங்களத்தில் வாள் என்று பொருள். அங்கே ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் திரு கந்தையா அவர்கள் 1984இல் இப்பெயரையே தலைப்பாக்கிக் கட்டுரை வரைந்தார்கள். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை அரியணையிலிருந்து இறக்கியது. அதன் வாளையோ பறிக்கவில்லை.

நாமறிந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் கணக்கியலில் திறமையாகத் தேறியவள். இந்நகரத்து அலுவலகமொன்றின் நேர்முகத் தேர்வில் "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்றாள். எதிரே அமர்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் நோக்கி முறுவலித்தனர். மூவரும் இந்நாட்டவரே, ஒருவர் தமிழர்! கணக்கைப் பற்றி ஒரு வினாவும் எழவில்லை. மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் தமிழ் மரபு. அம்மரபில் வளர்ந்த நா, முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டது. "இராமன்" என்று எழுதும் நாமா இதற்கு நகைப்பது?

பிழையெல்லாம் வழக்கென்று கொண்டாடுமாறு நாம் கூறவில்லை. எழுத்தில் பொருள் மயங்கினால் திருத்தத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியரும் வேண்டும். மலைநாட்டுப் பாடசாலைகளில் அதற்கே பஞ்சம் என்பது தனிக்கதை.

இம்மன்றத்தில் நேர்முகத் தேர்வுக் குழுக்களில் அமரும் அன்பர்கள் சிலர் இருக்கின்றீர்கள். அடுத்த முறை அவளைப் போன்ற ஒருத்தி வந்து அமர்ந்தால், அவளிடம் கணக்கைக் கேளுங்கள்.