வீதியில் நடப்போர் தலைக்கு மேலே



வானளாவும் கட்டிடங்களின் வெளிச்சுவர்களைச் சோதிக்கும் சட்டங்களைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டோம். இக்கூட்டத்திற் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் இருக்கின்றனர். வயலிலிருந்து நேரே வந்த கமக்காரரும் இருக்கின்றனர். பின்னவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. காய்த்த தென்னையின் கீழே பிள்ளையைக் கிடத்தலாகாது என்பதை அவர்கள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்தவர்களல்லர். நியூயோர்க் மாநகரமோ அதனைச் சட்டமாக எழுதுவதற்கு ஓர் உயிரைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

1979ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி மன்ஹட்டனில், புரோட்வேயும் 115ஆம் வீதியும் சந்திக்கும் இடத்தில், பார்னாட் கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருத்தி சென்றுகொண்டிருந்தாள். வயது பதினேழு. மேல்மாடிச் சாளரத்தின் தலைக்கட்டிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து அவள்மேல் விழுந்தது. அவள் இறந்தாள்.

கல் ஏன் விழுகிறது? அந்நகரின் பழைய கட்டிடங்களிற் சாளரங்களுக்கு மேலே உருக்குச் சட்டம் வைத்து, அதன்மேற் செங்கல்லோ சுட்ட மண் அலங்காரமோ பதித்திருப்பார்கள். சாந்து பிளந்த இடத்தால் மழைநீர் உட்புகும். உருக்குத் துருப்பிடிக்கும். துருவானது தான் உண்ட இரும்பைப் போற் பல மடங்கு இடத்தைப் பிடிப்பது. ஆகவே கல்லை உள்ளிருந்தே நெம்பி வெளியே தள்ளும். மாரியில் அந்த நீர் உறையும்போது நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பருத்து, வெடிப்பை மேலும் அகலமாக்கும். நம் நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. ஆயினும் உப்புக் காற்று வீசும் கரையோரத்திற் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும் கம்பிகளைக் கண்டவர்களுக்கு மிகுதியை நாம் விளக்க வேண்டியதில்லை. இது வீழும் நாள் வரை கண்ணுக்குத் தெரியாத நோய் என்பதை மட்டும் மனத்திற் கொள்க.

1980ஆம் ஆண்டு 10ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் வந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டிடத்தின் வீதிமுகத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் நடைபாதையில் நின்று தொலைநோக்கியாற் பார்த்தாலும் சட்டம் திருப்தியடைந்தது! 1997 டிசெம்பரில் மடிசன் அவெனியூவிற் செங்கற்கள் சரிந்து வீழ்ந்த பின்னரே, 1998ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பின்சுவர், பக்கச்சுவர் எல்லாம் அதனுள் அடங்கின. தொங்கு சாரத்தில் இறங்கிச் சுவரைக் கையாலே தொட்டுப் பார்க்கவும் வேண்டும் என்றாயிற்று.

அறிக்கை மூன்று சொற்களுள் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாதுகாப்பானது, குறித்த தவணைக்குள் திருத்தினாற் பாதுகாப்பானது, அபாயமானது. இவற்றுள் இரண்டாவதே சூட்சுமமானது. தவணைக்குள் திருத்தாத சுவர் அடுத்த சுற்றில் அபாயமானது என்றே எழுதப்படும். அபாயம் என எழுதிவிட்டால், உடனே நடைபாதைக்கு மேல் மரப்பலகையால் உறுதியான காப்புப் பந்தல் போட வேண்டும். 90 நாளிற் பழுது பார்க்க வேண்டும்.

சட்டம் செம்மையானதே. அதனை நடத்துவோர் செம்மையா என்பதே கேள்வி. 2015இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பாட்டியோடு வெளியே இருந்தபோது கட்டிடத்திலிருந்து விழுந்த சுட்ட மண் துண்டுக்கு இரையாயிற்று. அக்கட்டிடத்தை நேரிற் சென்று பாராமலே அறிக்கையிற் கையொப்பமிட்டார் என ஒரு பொறியியலாளர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 2019 டிசெம்பரில் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே கட்டிடக் கலைஞரான ஒரு பெண்மணி உயிரிழந்தார். அந்தச் சுவர் பழுது என்று அதிகாரிகள் ஏப்ரலிலேயே குறித்திருந்தனர். விதித்த தண்டம் 1,250 டொலர். பந்தல் மட்டும் எழவில்லை. அவர் இறந்த பின்னரே எழுந்தது. பழுது பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அத்தண்டம் என்ன தொகை? தண்டத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பதே இலாபம் என்று கணக்குப் பார்க்க உடைமையாளனுக்குச் சட்டமே வழிகாட்டுவதாக நாம் கருதுகிறோம்.

2020இல் தொடங்கிய ஒன்பதாவது சுற்றில் விதிகளை இறுக்கினார்கள். சோதிப்பவருக்கு ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும். வீதிமுகத்தில் 60 அடிக்கு ஒருமுறை கைதொட்டுப் பார்க்க வேண்டும். உட்குழிவுள்ள சுவர்களைத் துளைத்து உள்ளே இருக்கும் இரும்புப் பிணைப்புகளையும் காண வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூட்டுடைமை வீடுகளில் வாழும் ஓய்வூதியக்காரர்களுக்கு இப்பழுதுச் செலவு தாங்கொணாப் பாரம். அவர்கள் முறையிடுவதில் நியாயமுண்டு. ஆயினும் பெருஞ்சொத்துடையோரும் அவர்களின் பின்னால் ஒளிந்துகொள்கின்றனர். பந்தலைப் போட்டுவிட்டால் தலை தப்பும், சுவர் கிடக்கட்டும் என்று, சில இடங்களிற் பத்தாண்டுக்கு மேலும் பந்தல்கள் நின்றன. கடைகள் இருளில் மூழ்கின. இரண்டு உயிர்களுக்குப் பின்னரும் பந்தல்தான் மிஞ்சிற்று, திருத்தம் வரவில்லை!

2025 பெப்ரவரியிற் பத்தாவது சுற்றுத் தொடங்கிற்று. அதே ஆண்டில் நகரமன்றம் பந்தல் அனுமதியின் காலத்தை ஓராண்டிலிருந்து மூன்று மாதமாகக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இனி அனுமதியை நீட்டிக்க வரும் உடைமையாளன், மேலே சுவரில் எவ்வளவு வேலை நடந்தது என்பதையும் காட்ட வேண்டியவனாகிறான்.